மச்சினன் கையில் கயிறு

துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி 'சாமானியர்'. மனிதர்கள் மேல் எந்த மருத்துவ ஆராய்ச்சி நடத்துவதென்றாலும் அதற்கு முன் ஒரு நெறிமுறைக் குழு அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் தெரியாத ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. எந்தக் கப்பலுக்கு எந்தத் தளம், எந்தச் சரக்கை வெளியே விட எந்தக் காகிதம் எந்த வரிசையில் வர வேண்டும் என்று வேலைக்காலம் முழுக்கப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த என்னை, ஒன்றும் தெரியாதவர் என்ற தகுதியின் பேரில் ஒரு மருத்துவக் கல்லூரி தேர்ந்தெடுத்தது.

"இப்பவாவது கண்டுபிடிச்சாவளே" என்றாள் என் மனைவி.

கூட்டங்கள் குளிரூட்டப்பட்ட அறையில் நடக்கும். ஆளுக்கு ஒரு தட்டில் மக்ரூன் வைப்பார்கள். அதைச் சத்தமில்லாமல் கடிக்க முடியாது என்பதால் கடினமான கேள்விகள் வரும்போது எல்லோரும் கடிப்பதை நிறுத்துவோம். அப்படி எல்லோரும் நிறுத்திய ஒரு நாளில்தான் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், செலுத்திப் பார்க்கும் ஓர் ஆய்வுத் திட்டம் மேசைக்கு வந்தது. மற்ற உறுப்பினர்கள் சுருக்கத்தைப் படித்திருந்தார்கள். சாமானியனான நான் முழுதும் படித்திருந்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லாததால்தான் துறைமுகத்தில் எனக்கு நண்பர்கள் குறைவு.

படித்ததும் போதாமல் பாடப்புத்தகங்களையும் வாங்கிப் பார்த்தேன். பிறந்தபோது கிடைத்த நரம்பு செல்களோடுதான் கடைசிவரை காலம் தள்ள வேண்டும், புதிதாக ஒன்றும் முளைக்காது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது முழுக்கச் சரியில்லை என்று பிறகு தெரிந்திருக்கிறது. வளர்ந்த விலங்குகளின் மூளைக்குள்ளே திரவம் நிறைந்த அறைகளின் சுவர் ஓரத்திலும் நினைவோடு தொடர்புள்ள ஒரு மடிப்பிலும், பிரிந்து பெருகக்கூடிய குருத்தணுக்கள் இருக்கின்றன. மனிதர்களிடம் அவை முதுமைவரை வேலை செய்கின்றனவா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்டுவடத்தின் நடுவே ஓடும் மெல்லிய குழாயின் உட்சுவரிலும் அப்படிப்பட்ட செல்கள் உண்டு. எலிக்குத் தண்டுவடத்தில் அடிபட்டால், அதுவரை சும்மா இருந்த அவை விழித்துப் பெருகிக் காயத்தை நோக்கிப் போகின்றன. போய் நரம்பு செய்வதில்லை. பெரும்பாலும் தழும்புதான் கட்டுகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு அலைத்தடுப்புச் சுவர் ஞாபகம் வந்தது. புயலில் ஒரு இடம் உடைந்தால் முதலில் கல்லைக் கொட்டி அடைப்போம். மற்ற சுவர் தப்பிக்கும். ஆனால் உடைந்த இடத்தில் முன்பு குழாயோ கம்பியோ ஓடியிருந்தால் அது கல்லுக்கு அடியில் போனது போனதுதான். தழும்பும் அப்படியே. காயம் பரவாமல் தடுக்கிறது, அறுந்த நரம்பு மறுபடி அந்தப் பக்கம் போகாமலும் தடுக்கிறது. உடம்பும் ஒரு பொறியியல் பிரிவை வைத்து நடத்துகிறது என்பதில் எனக்கு அற்பமான மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி, நான் குடியிருக்கும் மில்லர்புரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரரால் போயிற்று.

அவர் புன்னைக்காயல்காரர். சங்கு குளித்தவர். படகில் ஓடும் கம்ப்ரசரில் இருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் நெடுநேரம் இருந்து சங்கு எடுக்கிற வேலை. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்த காற்று, திறந்த சோடாவைப் போலக் குமிழாக வெளியேறும். தண்டுவடத்தில் குமிழ் அடைத்தால் கால் போய்விடும். அவருக்குப் போயிற்று. பல மாத மருத்துவத்துக்குப் பின் ஒரு கால் முக்கால்வாசி வந்தது. இன்னொரு கால் நகரும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். தினமும் காலையில் ஊன்றுகோலோடு எங்கள் தெருவில் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைப்பார்கள்.

இனி முங்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு வேண்டியது படகில் ஒரு இடம். மேலே இருந்து மற்றவர்களின் குழாயைப் பார்த்துக்கொள்வது, கம்ப்ரசரைக் கவனிப்பது. ஆனால் அந்தப் படகுகளில் ஒரு விதி உண்டு. தண்ணீரில் விழுந்தால் யாரும் கைகொடுக்காமல் தானே விளிம்பைப் பிடித்து ஏறி வரத் தெரிந்தவனைத்தான் படகில் எடுப்பார்கள். ஆபத்து நேரத்தில் ஒருவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தால் மூன்று பேரும் போய்விடுவார்கள் என்பது கணக்கு. எழுதாத விதிகள் மேல் எனக்கு மரியாதை குறைவு. இந்த விதிக்கு மேல்முறையீடும் இல்லை, சிபாரிசும் செல்லாது என்று தெரிந்தபோது கொஞ்சம் பொறாமையே வந்தது.

ஒரு சாயங்காலம் மதில் மேல் கையூன்றி நின்றபடி கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க அந்தக் காலேஜுக்குப் போறீயள்லா. ஸ்டெம் செல்லுன்னா என்னது?"

கையில் இருந்த தினத்தாளை மடித்தேன். "எங்க கேள்விப்பட்டீங்க?"

"மாப்ள போன்ல ஒரு வீடியோ காட்டுதான். ஒருத்தன் சக்கர நாற்காலில இருந்து எந்திச்சு நடக்கான்."

உள்ளே இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "நடக்கான், நடக்கான்னு எத்தன தடவ போட்டுப் பாக்கது. அவன் நடக்கிற நடைக்கு இந்நேரம் நம்ம வீட்டுக்கே வந்திருப்பான்."

மாப்ள என்று அவர் சொன்னது அந்த அம்மாவின் தம்பியை. இந்தக் கரையில் முங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அண்ணன் தம்பி பிடித்தால், முங்கியவன் போனால் சொத்தில் தன் பங்கு கூடும் என்று நினைக்க இடமுண்டு. மச்சினன் கை நழுவவிட்டால் தாலி போவது அவனுடைய அக்காளுக்கு. முத்துக்குளித்தல் போய், கயிறு போய், குழாயும் கம்ப்ரசரும் வந்த பிறகும் பேச்சில் அது 'கயிறு பிடிக்கிறது'தான். பிடிப்பவன் மச்சினன்தான். நான் கேள்விப்பட்ட நிர்வாக ஏற்பாடுகளில் பொறுப்பையும் நஷ்டத்தையும் ஒரே ஆள் தலையில் கட்டியது இது ஒன்றுதான்.

குழுவில் படித்ததை வெளியே சொல்லக் கூடாது. பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லத் தடையில்லை. ஆகவே பாடப்புத்தகமாக மாறி, தண்டுவடத்துக்குள் இருக்கும் செல்களைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப எனக்குள்ளயே ஆளு இருக்குங்கீய" என்றார்.

"எலிக்கு இருக்கு. நமக்கும் இருக்கும்னு நினைக்காங்க. ஆனா கூப்பிட்டா என்ன வேலைக்கு வாரான்ங்கதுதான் பிரச்சினை. நரம்பு இழுக்க வரமாட்டான். சுவர் வைக்க வருவான்."

"கரண்டு வேலைக்குக் கூப்பிட்டா கொத்தனாரு வாரான்."

"ஆமா."

"அது நம்ம ஊருல வழக்கந்தான அண்ணாச்சி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெளிய இருந்து நல்ல ஆளாப் பாத்து உள்ள அனுப்புதோம்னு சொல்லுதாவளே, அது?"

அதைத்தான் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். சில ரத்த நோய்களுக்கு மட்டும் குருத்தணு மருத்துவம் நிலைபெற்றிருக்கிறது, தண்டுவடத்துக்கு எல்லாமே ஆய்வுதான், ஆய்வு என்றால் பதிவு இருக்க வேண்டும், பதிவு எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும் என்று விளக்கினேன். அந்தப் பொதுப் பதிவையே திறந்து இருவரும் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் நடக்கவிருந்த ஆய்வு, அடிபட்டுச் சில வாரங்களுக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். தழும்பு இறுகிய பிறகு வருகிறவர்களுக்கு இல்லை. அவருடைய தழும்புக்கு இந்நேரம் ஓய்வூதியமே கிடைத்திருக்கும்.

ஆனாலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து, என் அண்டைவீட்டுக்காரருக்கு இந்த நோய் இருப்பதால் எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்று அறிவித்துவிட்டு வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே நின்றேன். விதி அப்படி. அவர் ஆய்வில் சேரவே முடியாதே, பிறகு எதற்கு வெளியே நிற்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். மக்ரூனை மட்டும் வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மச்சினனுக்கு என் பதிவு, வாரக் கணக்கு எதுவும் பொருட்டில்லை. அவன் வீடியோவில் கண்ட ஆட்கள் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆலோசனை முகாம் நடத்தப் போவதாக அறிந்து, அத்தானின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அவர்களுக்குத் தகுதி விதி ஒன்றும் கிடையாது. யார் வந்தாலும் ஊசி.

"முதுகுல குத்துத ஊசி. இப்ப இருக்கிற நடையும் போயிட்டா?" என்று பக்கத்து வீட்டு நண்பரிடம் கேட்டேன். தண்டுவடத்தைச் சுற்றித் தொற்று வரலாம், போட்ட செல்கள் வேண்டாத கட்டியாக வளரலாம், ஊன்றுகோலோடு நடப்பவர் படுக்கைக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"மாப்ள கூட்டிட்டுப் போறான் அண்ணாச்சி" என்றார். அவருக்கு அதுவே ஒப்புதல் சான்றிதழ். இத்தனை வருஷம் அவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கீழே போனவர். அவன் கூட்டிப்போகிற இடம் நல்ல இடமாக இருக்கும் என்று நினைப்பது வேறு எந்த ஊரில் முட்டாள்தனமோ தெரியாது, இங்கே அது நியாயம். கயிறு பிடிக்கத் தெரிந்தவனுக்கு மருத்துவரைப் பிடிக்கவும் தெரியும் என்பதுதான் அதில் ஓட்டை.

நானும் கூடப் போனேன். சாமானியனாக.

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் இருந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலிகளுக்கு முன்னால் திரை கட்டி ஒரு மருத்துவர் படங்களை ஓட்டினார். நல்ல குரல், நல்ல சட்டை. அந்த வீடியோக்காரன் இங்கேயும் எழுந்து நடந்தான். நான் கை தூக்கினேன். இந்த ஆய்வின் பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"சார் நல்லாப் படிச்சிருக்கீங்க" என்று மருத்துவர் மகிழ்ந்தார். "இது ஆய்வு இல்லை சார். சிகிச்சை. அதனால பதிவு வேண்டியதில்லை."

பதிவு இல்லாததையே தகுதியாகக் காட்டுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த கணவனின் தோளில் கைவைத்திருந்த ஒரு பெண் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்களேன். நாங்களும் ஏதாவது கேக்கணும்."

உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் முறை வந்தது. மருத்துவர் என் நண்பரின் காலைத் தட்டிப் பார்த்தார், நல்ல முன்னேற்றம் கிடைக்கும் என்றார். நண்பரின் முகம் திருச்செந்தூர்ப் பக்கம் மழை கண்டது போலத் தெளிந்தது.

மச்சினன்தான் கேட்டான். "ஊசி போட்ட பொறவு எத்தன நாளு இங்கன வச்சிருப்பீங்க?"

"வச்சிருக்க வேண்டியதே இல்லை. அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"நீங்க?"

"நாங்க அடுத்த ஊர் முகாமுக்குப் போயிருவோம். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க."

மச்சினன் அத்தானின் ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "எந்திரிங்க அத்தான், போவோம்."

"எங்கலே போவோம்? இன்னும் பேசி முடியல."

"முடிஞ்சிட்டு."

மருத்துவர் கோபிக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வாசலுக்கு வந்ததும் என் நண்பர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் ஊசி போடுததும் போடாததும் சொல்லுததுக்கு நீ யாருலே? நீதான கூட்டிட்டு வந்த?"

"கூட்டிட்டு வந்தவன்தான் கூட்டிட்டும் போவான்."

"அண்ணாச்சி பேச்சக் கேட்டு ஆடுதியா?"

"அண்ணாச்சி பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான் மச்சினன். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். "ஏத்திவிட்டுட்டுப் போறேங்கான் அத்தான் அவன். அன்னைக்கே போறேங்கான்."

அவன் சொன்னதன் பொருள் எனக்கு மறுநாள் நண்பரின் மனைவி சொல்லித்தான் புரிந்தது. முங்கியவன் மேலே வந்ததோடு கயிறு பிடித்தவன் வேலை முடிவதில்லை. முங்கியவன் கடுங்காப்பி குடித்து, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, ஒரு படியாவது ஏறிக் காட்டும்வரை கூடவே இருக்க வேண்டும். குமிழ் அடைப்பு தண்ணீருக்குள் தெரியாது. மேலே வந்து சிரித்துப் பேசிய பிறகுதான் தெரியும். சிறுநீர் நின்றுவிட்டால் முதல் எச்சரிக்கை, படி ஏறக் கால் வராவிட்டால் அடுத்தது. அவருக்குக் கால் போன நாளில் படகு கரை சேர்ந்ததும், நல்லாத்தாம்ல இருக்கேன், நீ சங்கை ஏத்திட்டு வா என்று அவரே சொன்னதால் மச்சினன் வண்டியோடு போய்விட்டான். அவர் வீட்டு வாசற்படியில் விழுந்தபோது அவன் இல்லை.

"இவிய அத என்னைக்கோ மறந்தாச்சு. அவன்தான் மறக்கல" என்றார் அந்த அம்மா.

நண்பர் என்னோடும் மச்சினனோடும் பேசுவதை நிறுத்தினார். தெருவில் பாதத்தைப் பார்த்து நடந்தார். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் அதைப் பார்க்காமல் தாண்ட முயன்று தடுமாறினார். அவர் இழந்தது ஊசியை அல்ல, படகில் அந்த இடத்துக்கான கடைசி வழியை. அதை எந்தப் பதிவேடும் ஈடுகட்டாது என்று எனக்குத் தெரியும். ஆகவே நானாகப் போய்ப் பேசவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில், இனி வரும் தண்டுவட ஆய்வுகளுக்கான விதியில் ஒரு திருத்தம் கேட்டேன். சிகிச்சை பெற்றவர் வீட்டுக்குப் போகும் நாளில் ஆய்வுக் குழுவில் ஒருவர் அவர் வீடுவரை கூடப் போய், சிறுநீர் போவதையும் படி ஏறுவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். "சாமானிய உறுப்பினரின் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினார்கள். அலுவலக மொழியில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரியை நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

பேச்சு நின்று சில வாரம் ஆனபின் ஒரு காலையில் மச்சினன் வந்து என் நண்பரின் வாசலில் நின்றான். கையில் நல்ல நைலான் கயிறு. "கடலுக்கு வாங்க அத்தான். ஊசியெல்லாம் இல்ல. ஏறிப் பாப்போம்" என்றான். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "அண்ணாச்சியும் வரட்டும். மேற்பார்வைக்கு ஆளு வேணும்லா" என்றார். அதுவே சமாதானம்.

ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தியிருந்தார்கள். மச்சினன் அதன் விளிம்பின் மேல்பக்கத்தில் ஓர் இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தான். உணராத காலை எங்கே வைப்பது என்று கண்ணால் பார்த்து வைக்க வேண்டும் அல்லவா, அதற்கு அடையாளம். கயிற்றின் ஒரு முனை அத்தானின் இடுப்பில், மறுமுனை மச்சினனின் கையில். தண்ணீருக்குள் அவர் எங்களில் யாரையும்விட நன்றாக இருந்தார். விளிம்பைப் பிடித்து உடம்பைத் தூக்கும் கைகளில் குறையில்லை. கால்தான் வெள்ளைப் பெயின்டைத் தவறவிட்டு நழுவும். விழுவார். மச்சினன் இழுக்க மாட்டான். கயிறு தளர்ந்தே இருக்கும். "இழுலே" என்று அவர் கத்துவார். "இழுத்தா அது நான் ஏறுததுல்லா" என்பான் அவன்.

அப்படிப் பல காலைகள். நான் கரையில் உட்கார்ந்து குழுவின் காகிதங்களைப் படிப்பேன். தண்டுவடத்தில் குருத்தணுக்கள் போக வேறு முன்னோடி செல்களும் உண்டு, நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்களாக மாறக்கூடியவை, அவை வளர்ந்தவர்களிடமும் எங்கும் பரவிக் கிடக்கின்றன, இழையில் ஓட்டம் இருந்தால் அவை சுறுசுறுப்பாகின்றன என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள் என ஒரு கட்டுரையில் இருந்தது. என் நண்பருக்குள் அவை ஏதேனும் செய்கின்றனவா, அல்லது வெறும் கண்ணும் கையும் பழகிக்கொள்கின்றனவா என்று யாரும் அளக்கவில்லை. எனக்குக் கண்ணும் கையும் என்றுதான் சந்தேகம். அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவர் கால் வெள்ளையில் போய் நின்றது. கொஞ்சம் நடுங்கியது, நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, எடையை மெல்ல மாற்றி, விளிம்பைத் தாண்டிப் படகுக்குள் விழுந்தார். அழகான ஏற்றம் இல்லை. ஆனால் யாரும் கைகொடுக்கவில்லை. படகின் சொந்தக்காரர் பின்பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னொருக்கா ஏறுங்க" என்றார்.

இன்னொரு தடவை ஏறினார். சொந்தக்காரர் தலையை ஆட்டி, திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒப்பந்தம் அவ்வளவுதான். கையெழுத்து, சாட்சி, முத்திரை ஒன்றும் இல்லை.

கரைக்கு வந்ததும் நான் எழுந்து கை நீட்டினேன். மச்சினன் என்னை ஒதுங்கச் சொன்னான். பிளாஸ்க்கில் இருந்து கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவர் குடித்தார். பிறகு இருவரும் முள் நிறைந்த உடைமரங்களுக்குப் பின்னால் போனார்கள், இடுப்பில் கயிறோடு ஒருவர், கயிற்றின் மறுமுனையோடு ஒருவர்.

"ஏலே, இதுக்குமா கூட வருவ?" என்று அவர் குரல் கேட்டது.

"பேசாமப் போங்க அத்தான்."

திரும்பி வந்து, கரையை ஒட்டிய மீன் ஏலக் கூடத்தின் முதல் படியில் கால் வைத்தார். பார்த்து வைத்தார். ஏறினார். அதன் பிறகுதான் மச்சினன் முடிச்சை அவிழ்த்தான்.